அர்த்தமில்லாத இருபது சொற்கள்

ஒக்டோபர் 7, திங்கள்

வேறு ஆரிடமும் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். இன்று நான் ஒரு பரீட்சையின் கேள்வித்தாளைக் களவாக வாங்கினேன். எனக்கு வயது நாற்பத்தொன்பது. கொள்ளுப்பிட்டி ஒஃபிஸில் எனக்குக் கீழே நாலு பேர். பரீட்சைக்குப் போகிறவர்களுக்கு வயது ஆறு.

இடம்: வெள்ளவத்தைச் சந்தை, மரக்கறிப் பக்கம். தந்தவர்: எங்கள் ஃப்ளாட்டின் மூன்றாம் மாடி பஹ்மியா. அவருடைய மகன் ஜவாத்தும் என் மகள் மிதுனாவும் முதலாம் வகுப்பில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறவர்கள். பஹ்மியாவின் மச்சாளின் பிள்ளை போன வருடம் அதே வகுப்பில் இருந்ததாம். கறிவேப்பிலைக் கட்டுக்குள் மடித்து வைத்து நீட்டினார்.

"அண்ணே, ஆருக்கும் செல்லாதீங்க. நாப்பது சொல்லும் ஈக்கி. அவங்க வருசா வருசம் மாத்த மாட்டாங்க."

பதிலுக்கு நான் அவருடைய மூத்த மகள் பர்ஹாவுக்குத் தமிழ்த் தினப் போட்டிக்கு ஒரு பேச்சு எழுதிக் கொடுக்க வேண்டும். தலைப்பு: நேர்மை.

சிரிக்கிற நிலையில் நான் இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதம் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. நவம்பர் முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் போனிக்ஸ் முறையில் வாசிக்கிறதா என்று பார்க்கப்படுமாம். நாற்பது சொல்லில் முப்பத்திரண்டுக்குக் குறைந்தால், இரண்டாம் வகுப்புக்கு ஏற்றுவது பற்றிப் பெற்றோருடன் "பேசப்படும்". இந்தப் "பேசப்படும்" என்ற சொல்லை நான் இதுவரை இருபது தரமாவது வாசித்திருப்பேன்.

போனிக்ஸ் என்றால் எழுத்தின் பெயரைச் சொல்லாமல் ஓசையைச் சொல்லி, ஓசைகளை ஒட்டிச் சொல்லாக்குவது. மிதுனாவும் செய்கிறாள்தான். ஆனால் ஒரு ஓசைக்கும் அடுத்த ஓசைக்கும் நடுவில் நான் ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கலாம். வகுப்பு முழுக்க மேலே போக, இவள் மட்டும் அந்த வாங்கிலேயே புதிய சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே இருப்பது போல ஒரு காட்சி பஸ்ஸில் வரும்போது வந்தது. கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பதினொரு வருடம் பார்த்திருந்து பெற்ற பிள்ளை.

மீன் வாங்கப் போனவர் ஏன் கறிவேப்பிலையோடு வந்தார் என்று என் மனைவி சுபோதினி கேட்டாள். மீன் நல்லாயில்லை என்றேன். அதுவும் பொய்.


ஒக்டோபர் 8, செவ்வாய்

லிஸ்ட்டில் முதல் இருபது சொல் பரவாயில்லை. பூனை, தொப்பி, கப்பல் வகை. மிச்சம் இருபதும்? வப். ஜொம். ஃபெக். ஸ்னுட்.

என் இங்கிலீஷ் பற்றி எனக்கு இருக்கிற சந்தேகம் இன்று நேற்று வந்ததல்ல. மத்தியானம் சாப்பிடாமல் பெரிய அகராதியை எடுத்துத் தேடினேன். இல்லை. லண்டனில் படித்துவிட்டு வந்து எங்கள் ஒஃபிஸில் சேர்ந்த பிள்ளையிடம் "இந்த ஸ்னுட் என்றால் என்ன மகள்?" என்று மெதுவாகக் கேட்டேன். "அங்கிள், வாட்ஸ்அப்பில வந்ததா? அமத்திப்போடாதேங்கோ" என்றது.

பின்னேரம் லிஃப்ட்டில் பஹ்மியா விளக்கினார். "அதுக்கு அர்த்தமே இல்லியாம் அண்ணே. வேணுமெண்டுதான் அர்த்தமில்லாம வெச்சீக்காங்களாம்."

"அப்ப எப்பிடிப் படிக்கிறது?"

"பாடமாக்கத்தான்! ஜவாத் ஆறு சொல் முடிச்சிட்டான்."

ஆறு! வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே மிதுனாவைக் கூப்பிட்டேன்.


ஒக்டோபர் 12, சனி

மிதுனாவை நமசிவாயம் மாஸ்டரிடம் டியூஷனுக்குச் சேர்த்துவிட்டேன். கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில், ஒரு சலூனுக்கு மேல் மாடி. போன வருடம் வரை கணக்கு. இந்த வருடம் பதாகையில் கணக்கை வெட்டிப் போனிக்ஸ் என்று ஒட்டியிருக்கிறார். ஒட்டியது ஒரு மூலையில் கழன்று கணக்கு எட்டிப் பார்க்கிறது.

"தம்பி, இதை வெள்ளைக்காரன் இப்பதான் கண்டுபிடிச்சவன். எங்களுக்கு இது பிறவியிலயே இருக்கு. எங்கட எழுத்துக்குப் பேரே அதின்ர சத்தம்தானே? பிறகென்ன?"

அந்த இடத்தில் நான் விழுந்துவிட்டேன். உண்மைதானே? ககரத்துக்கு நாங்கள் வேறு பெயர் வைத்தோமா? இவ்வளவு நாளும் இது எனக்குத் தோன்றாமல் போய்விட்டதே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

வகுப்புத் தொடங்கியது. முப்பது பிள்ளைகள். கரும்பலகையில் பூனைக்குரிய மூன்று இங்கிலீஷ் எழுத்து. மாஸ்டர் பிரம்பால் தட்ட முப்பது பேரும் கத்துகிறார்கள்: "இக்! அ! இட்!"

வீட்டில் மிதுனா அப்படியே வாசித்தாள். மூன்றையும் ஒட்டினால் பூனை வரவில்லை. பக்கத்தில் பூனையின் படம் இருக்கிறது. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பள்ளிக்கூடத்தில முன்னுக்கு இ போடுறேல்ல அப்பா."

"மாஸ்டர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? எனக்குத் தெரியுமா?


ஒக்டோபர் 15, செவ்வாய்

வப், ஜொம், ஃபெக், ஸ்னுட். முதலாளி கூட்டத்தில் பேசும்போது என் வாய் தானாக அசைந்துகொண்டிருந்தது. செபம் என்று நினைத்திருப்பார்.


ஒக்டோபர் 20, ஞாயிறு

காலையில் மிதுனா நாற்பது சொல்லையும் மூச்சு விடாமல் சொன்னாள். தூக்கிச் சுற்றினேன். பிறகு ஒரு குசும்பில் தாளைத் தலைகீழாகப் பிடித்து, "இப்ப வாசியுங்கோ பாப்பம்" என்றேன். அதே வரிசை. தாளை மறைத்தேன். அதே வரிசை. கடைசிச் சொல்லில் விரலை வைத்து இது என்ன என்றேன்.

"எத்தனையாவது அப்பா?"

கதிரையில் இருந்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துச் சுபோதினி தாளைக் கண்டாள். மருந்துக் கடையில் வேலை; டோக்டர்மாரின் கையெழுத்தையே வாசிக்கிறவள். ஒருதரம் பார்த்தாள், போதும்.

"இஞ்சேருங்கோ. இது எங்கால?"

சொன்னேன். நேர்மைப் பேச்சு வரை முழுவதும் சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"மிஸ்ஸிட்டப் போய் பிள்ளை எப்பிடி எண்டு ஒருக்காக் கேட்டா என்ன? வாய் இல்லையா உங்களுக்கு? ஊரில இருக்கிற கலியாணமெல்லாத்திலயும் மைக் பிடிக்கிறியள்."

கேட்கலாம். ஆனால் கேட்டால் எங்கள் பிள்ளையில் எங்களுக்கே சந்தேகம் என்று ஆகிவிடாதா? மிஸ்ஸின் மனதில் ஒரு பெயர் பதிந்துவிடாதா? வெள்ளவத்தையில் இப்படி நேரே போய்க் கேட்கிற வழக்கம் இல்லை. லிஃப்ட்டில் அடுத்த வீட்டுப் பிள்ளையின் மாக்ஸை விசாரிப்போம். அதிலிருந்து கழித்துக் கூட்டி எங்கள் நிலையைக் கண்டுபிடிப்போம்.


ஒக்டோபர் 31, வியாழன். தீபாவளி

வீடு நிறைந்த சனம். கொட்டாஞ்சேனையிலிருந்து சுபோதினியின் அண்ணர் தனஞ்சயன் குடும்பம், கீழே பஹ்மியா வீட்டார், என் ஒஃபிஸ் ஆட்கள் இரண்டு பேர். ரோல்ஸ் தீர்ந்து இரண்டாம் தரம் பொரித்தோம்.

நான்தான் தொடங்கினேன். "மிதுனா இப்ப வாசிப்பா. மாமாவுக்கு ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டுங்கோ" என்று புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். புதுச் சட்டையோடு நடுவில் வந்து நின்றாள். ஆறு வரி. விரலை வைத்து, நாக்கை ஓரமாகக் கடித்து, ஒவ்வொரு ஓசையாக. இக் வந்தது, இட் வந்தது, எங்கேயோ ஒரு ஸ்னுட்டும் வந்தது. மூன்றாம் வரியில் ஹோலுக்குள் ஒரு அமைதி. சனம் பிளேட்டைப் பார்க்கிற அமைதி.

அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று, காலையில் ஸ்டார்ட் எடுக்காத ஓட்டோ மாதிரி அவள் வாசிக்கிறதைச் செய்து காட்டினேன். நாக்கு, விரல், இழுத்து விடுகிற மூச்சு, கடைசியில் சொல்லு வராமல் எஞ்சின் நின்றுபோவது, எல்லாம். சிரிப்பில் வீடு இடிந்தது! தனஞ்சயன் கதிரைக் கையில் அடித்து, "மச்சான், இன்னொருக்காச் செய் பாப்பம்!" என்றார். செய்தேன். பஹ்மியாவின் மனிசன் பிந்தி வந்தார் என்று மூன்றாம் தரமும் செய்தேன்.

மிதுனாவும் சிரித்தாள். பிறகு ரோல்ஸ் பிளேட்டை எல்லாரிடமும் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

நல்ல நாள். நெடுநாளைக்குப் பிறகு நெஞ்சுக்குள் இருந்த கல்லு இறங்கினாற்போல. சுபோதினி மட்டும் இரண்டாம் தரம் செய்யும்போதே குசினிக்குப் போய்விட்டாள்.


நவம்பர் 2, சனி

மாஸ்டர் வகுப்புக்கு வரமாட்டாளாம். தொண்டை நோகுதாம்.


நவம்பர் 4, திங்கள்

இன்றும் தொண்டை. டோக்டரிடம் கொண்டுபோனேன். டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லை என்றார். ஒன்றுமே இல்லை என்று எனக்கும் தெரியும்: காலையில் ஜவாத்தோடு படிக்கட்டில் என்ன கத்து! புத்தகத்தைத் திறந்தால் மட்டும் நோகிறது.


நவம்பர் 6, புதன்

பஹ்மியா: "ஜவாத் நாப்பதும் முடிச்சிட்டான் அண்ணே. இப்ப பின்னாலீந்தும் செல்றான். உங்கட புள்ள?"

"நல்லாப் போகுது" என்றேன்.

நவம்பர் முடிய இருபத்துநாலு நாள். வாட்ஸ்அப் குழுவில் ஆரோ ஒரு அம்மா, போன வருடம் நாலு பிள்ளைகளை ஏற்றவில்லை என்று போட்டிருக்கிறார். இன்னொருவர் ஆறு என்கிறார். எதற்கும் எட்டு என்று வைத்துக்கொண்டேன்.


நவம்பர் 8, வெள்ளி

இதை எப்படி எழுதுகிறது.

பின்னேரம் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். கெஞ்சினேன். ஒரு வரி. ஒரு சொல்லு. ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்றேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏனம்மா, என்ன கஷ்டம் என்று கேட்டேன். கோபமாகக்கூடக் கேட்டிருப்பேன்.

"வாசிச்சா நீங்கள் பிறகு செய்து காட்டுவியள்."

அவ்வளவுதான். அழவில்லை. மழை வரும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. இந்த வாயை வைத்துத்தானே இவ்வளவு காலமும்... எத்தனை மேடை. ஆரைத்தான் நான் செய்து காட்டவில்லை? முதலாளி, மாமனார், பேச்சுத் திக்குகிற அந்தக் கணக்காளர். எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கணக்காளரும் சிரித்தவர்தான். என்ன விசர் வேலை பார்த்துவிட்டேன் நான். பிள்ளை தட்டுத் தடுமாறி ஒரு சொல்லைக் கட்டுது, அதுக்கு முன்னால நிண்டு—

சுபோதினியிடம் சொன்னேன். "எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றாள். பிறகு, "அவவிட்டச் சொல்லுங்கோ. என்னட்ட இல்ல."

போய்ச் சொன்னேன். "அப்பா செய்தது பிழை. இனிச் செய்யமாட்டன்." கேட்டுவிட்டு, "மாமா வந்தாலும்?" என்றாள். மாமா வந்தாலும் என்றேன். நம்பினாளா தெரியாது. நான் என்றால் என்னை நம்பமாட்டேன்.


நவம்பர் 12, செவ்வாய்

மிஸ்ஸே கூப்பிட்டார். இரண்டு பேரும் வரவேண்டுமாம். 

ரொஷேல் மிஸ்ஸுக்கு முப்பது வயதுகூட இராது. பறங்கி வீட்டுப் பிள்ளை. தமிழை வழியில் கிடைத்த பஸ்ஸில் ஏறுகிற மாதிரிக் கதைக்கிறார், ஆனால் எப்படியும் வந்து சேர்ந்துவிடுகிறார். எங்களை அரை அடிக் கதிரைகளில் இருத்தினார். என் முழங்கால் காதுக்குப் பக்கத்தில்.

"அனே, மிதுனாட அப்பா, வீட்டில என்ன செய்றீங்க?"

"ஒண்டும் இல்லையே மிஸ்."

"இப்ப எல்லாத்துக்கும் முன்னுக்கு இ வருது. இக், இப், இட். ஒரு கிழமையா வாசிக்கவே மாட்டேன்றா. எங்கயாவது டியூஷன் போறாவா?"

சுபோதினி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த யானைப் படத்தைப் பார்த்தேன். பிறகு சொல்லிவிட்டேன்: மாஸ்டர், தீபாவளி, ஓட்டோ. லிஸ்ட்டைச் சொல்லவில்லை. அது என் சேர்ட் பொக்கற்றுக்குள் இருந்தது.

மிஸ் சிரிக்கவில்லை. "ஒவ்வொரு சத்தமா வாசிக்கிறது பிழை இல்ல. அதுதான் வாசிக்கிற விதம். அப்பிடியே போய்ப் போய் ஒருநாள் ஒட்டிக்கும். இந்த அர்த்தமில்லாத சொல்லெல்லாம் ஏன் குடுக்கிறோம் தெரியுமா? அத யாராலயும் பாடமாக்க ஏலாது. உண்மையா வாசிச்சாத்தான் வரும்."

பொக்கற் சுட்டது. யாராலயும் ஏலாதாம்! எங்கள் ஃப்ளாட்டில் ஒருவன் பின்னாலிருந்தும் சொல்கிறான்.

"அந்தப் பரீட்சை..." என்று தொடங்கினேன்.

"அதப்பத்தி நீங்க இனி ஒண்டும் செய்ய வேணாம். ரிசல்ட் எல்லாருக்கும் ஒரே நாள், டிசம்பர் அஞ்சு. வீட்டில படிப்பிக்க வேணாம். புத்தகத்த மேசையில வைங்க, போதும்."

இனி ஒண்டும் செய்ய வேணாம். கைவிட்ட கேஸுக்கு டோக்டர்மார் சொல்கிறது இதுதானே? காலி வீதி முழுக்க நான் இதையே சொல்லிக்கொண்டு வர, "அப்பிடி இல்லையப்பா" என்று சுபோதினியும் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஆனால் அவளும் வீட்டுப் படியில் ஒரு நிமிடம் நின்றாள்.


நவம்பர் 13, புதன்

மாஸ்டரிடம் போய் நிறுத்திவிட்டேன். "தம்பி, இன்னும் இம், இன் முடியேல்ல" என்றார் கவலையோடு. லிஸ்ட்டைக் கிழித்தேன். கிழித்து என்ன, நாற்பதும் எனக்கு மனப்பாடம்.


நவம்பர் 19, செவ்வாய்

பர்ஹாவுக்குத் தமிழ்த் தினப் பேச்சில் முதலிடம். நடுவர்கள் கண் கலங்கினார்களாம். பஹ்மியா வட்டிலப்பம் அனுப்பினார். என் பங்கை மிதுனாவின் பிளேட்டுக்குத் தள்ளிவிட்டேன்.


நவம்பர் 23, சனி

புத்தகம் மேசையில் இருக்கிறது. மிதுனா அதைச் சுற்றி நடக்கிறாள். நானும் சுற்றி நடக்கிறேன். படிப்பிக்காமல் இருப்பது பட்டினி கிடப்பதைவிடக் கஷ்டம்.

இன்று தனஞ்சயன் வந்தார். சோஃபாவில் இருக்கும்போதே, "எங்க மச்சான், அந்த ஓட்டோ?" என்றார். ஹோலுக்குள் மிதுனா படம் கீறிக்கொண்டிருந்தாள். பென்சில் நின்றது.

"அது மறந்துபோச்சு" என்றேன்.

"எட, உனக்கு மறக்குமே? நாக்கை இப்பிடிக் கடிச்சுக்கொண்டு—"

"இல்லை மச்சான். வேணாம்."

அவருக்கு முகம் ஒருமாதிரிப் போய்விட்டது. எங்களுக்குள் ஏதோ கோபம் என்று சுபோதினியிடம் கேட்டாராம். பரவாயில்லை. கொஞ்ச நேரத்தில் பென்சில் திரும்ப ஓடத் தொடங்கியது.


நவம்பர் 27, புதன்

பள்ளிக்கூடம் விட்டு நானும் மிதுனாவும் லிஃப்ட்டில் ஏறினோம். பஹ்மியாவும் ஜவாத்தும் ஏறினார்கள். கதவுக்குப் பக்கத்தில் ஃப்ளாட் கமிற்றி புதிதாக ஒரு அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. மூன்று மொழியிலும்: வெற்றிலை துப்ப வேண்டாம்.

முதலாம் மாடியில் ஒரு சத்தம் கேட்டது. ஸ். நான் லிஃப்ட்டில்தான் ஏதோ பழுது என்று நினைத்தேன். பிறகு: ப். பிறகு: இ. மிதுனா அண்ணாந்து இங்கிலீஷ் வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசித்தது எங்கள் ஒருவருக்கும் இல்லை, அந்தக் கடதாசிக்கு.

"ட். ஸ்... பிட். ஸ்பிட்."

முன்னால் இ இல்லை. எங்கும் இல்லை.

பஹ்மியாவின் வாய் திறந்தது. நான் அவருடைய காலை மிதித்தேன். வேண்டுமென்றே, நல்லா மிதித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். எனக்குள் மூன்று பகிடி வந்து வரிசையில் நின்றது, மூன்றும் நல்ல பகிடி. பிள்ளை கடைசியில் வாசித்த சொல்லைப் பாருங்கள்! மூன்றையும் விழுங்கினேன். மாடி எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் மாடியில் அவர்கள் இறங்கினார்கள். நாலாம் மாடியில் "லிஃப்ட்" என்றாள். ஐந்தாம் மாடியில் எங்கள் கதவைத் திறக்கும்போது கேட்டாள்:

"அப்பா, ஆர் துப்பினது?"

"தெரியாதம்மா" என்றேன். குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.


டிசம்பர் 2, திங்கள்

பால்மாப் பெட்டி, மின்சார பில், அம்மாவின் சேலைப் பை. எல்லாவற்றையும் வாசிக்கிறாள், மெதுவாக. மாற்றத்தைக் கண்டுகொள்ளாதவர்கள் போல நானும் சுபோதினியும் சோறு சாப்பிடுகிறோம். ஆனால் பிந்திவிட்டதே? நவம்பர் முடிந்துவிட்டதே? அந்த ஊமை நாட்களில்தானே மிஸ் பரீட்சை வைத்திருப்பார். வாய் திறவாத பிள்ளைக்கு எத்தனை போடுவார்? பூச்சியம் தவிர வேறு என்ன?


டிசம்பர் 4, புதன்

நாளைக்கு. "எத்தனை வந்தாலும் அவவுக்கு முன்னால உங்கட முகம் மாறக்கூடாது" என்கிறாள் சுபோதினி. கண்ணாடிக்கு முன்னால் மாறாத முகம் பழகினேன். செத்த வீட்டுக்குப் போகிறவன் மாதிரி இருக்கிறது.


டிசம்பர் 5, வியாழன்

ஆளுக்கொரு கவர் தந்தார்கள். மண்டபத்தில் ஒருவரும் பிரிக்கவில்லை. எல்லாரும் மற்றவர் பிரிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் சுபோதினிதான் என் கையிலிருந்து பிடுங்கிப் பிரித்தாள்.

நாற்பதுக்கு முப்பத்தாறு. இரண்டாம் வகுப்புக்கு ஏற்றப்படுகிறார்.

திரும்பவும் வாசித்தோம். பெயர் சரி. மிதுனாதான். ஜவாத்துக்கு முப்பத்துமூன்று, அவனும் ஏறுகிறான். பஹ்மியா என் கையைப் பிடித்து, "லிஸ்ட்டாலதான் அண்ணே!" என்று காதுக்குள் சொன்னார். பின்னால் இணைத்திருந்த கேள்வித்தாளைப் பார்த்தேன். நாங்கள் பாடமாக்கிய சொல்லில் ஒன்றுகூட அதில் இல்லை.

கீழே மிஸ்ஸின் கையெழுத்தில் ஒரு குறிப்பு: "நவம்பரில் சத்தமாக வாசிக்கத் தயங்கினார். இப்போது சரியாகிவிட்டது."

ஊமையாக இருந்த பிள்ளை எப்படி முப்பத்தாறு எடுத்தது? போய் மிஸ்ஸிடம் கேட்டேன். நேரே, வாய் திறந்து. பிள்ளைகளுக்குப் பயம் வரக்கூடாது என்று பரீட்சை என்றே சொல்வதில்லையாம். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரு குரங்குப் பொம்மைக்கு வாசித்துக் காட்டச் சொல்வதாம். மிதுனாவைத்தான் முதல் நாளே கூப்பிட்டாராம். ரிப்போர்ட்டின் வலது மூலையில் சின்ன எழுத்தில் திகதியும் இருக்கிறது.

ஒக்டோபர் 3. நான் சந்தையில் கறிவேப்பிலைக் கட்டு வாங்குவதற்கு நாலு நாள் முந்தி.